ஆறாவது ஆணி

அம்மாடி பாண்டி,

நேற்றுச் சாயங்காலம் போனில் நீ கேட்டபோது எல்லாம் தயார் என்று சொன்னேன். அதில் பாதிதான் நிஜம். அரத்தைத் துடைத்து எண்ணெய் தடவி வைத்தாயிற்று. குறடு, சுத்தியல், குளம்பு செதுக்கும் கத்தி எல்லாம் பைக்குள் போய்விட்டன. தேர்வுக்குப் போகிற மனுஷனுக்கு மூன்று லுங்கி எதற்கு என்று உன் அம்மா கேட்டுக்கொண்டிருக்கிறாள். திங்கட்கிழமை காலை லாடத் தேர்வு. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மதுரை மாட்டுத்தாவணியில் பெங்களூர் பஸ் ஏறிவிடுவேன். நீ கோயம்புத்தூரிலிருந்து நேராக வந்துவிடுவதாகவும், தேர்வு நடத்துகிறவர்கள் இங்கிலீஷில் கேட்பதை எனக்குத் தமிழில் சொல்வதாகவும் சொன்னாய். சரி. குதிரையின் தலையைப் பிடித்துக்கொள்ள நம் ஆள் ஒருவரை வைத்துக்கொள்ளலாமாம், நீ பிடிக்கிறாயா என்று கேட்டேன். "வேற யாராச்சும் இருப்பாங்கப்பா, பாப்போம்" என்றாய். அந்தப் 'பாப்போம்'தான் என்னை இந்த நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார வைத்திருக்கிறது.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன். டீக்கடையில் தினமும் பேப்பர் படித்து வந்த தமிழ்தான் என்னுடையது. நீ படித்துவிட்டுப் பிழை திருத்தாதே, அப்படியே விட்டுவிடு. இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதன் ஒரு பிரதி உனக்குக் கூரியரில் வருகிறது. இன்னொரு பிரதியை அலங்காநல்லூரில் வாத்தியார் ஒருவர் நடத்தும் மாதப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அது நம் ஊர் டீக்கடைக்கு வரும், நாலு பேர் படிப்பார்கள். அப்பனும் மகளும் பேசிக்கொள்வதை ஊர் எதற்குப் படிக்க வேண்டும் என்று நீ கேட்கலாம். உன்னைப் பற்றி நான் ஒரு பேச்சை நாலு பேர் முன்னால்தான் பேசினேன். அதை நாலு பேர் முன்னால்தான் திரும்ப வாங்க வேண்டும். உனக்குச் சம்மதமில்லை என்றால் சொல், வாத்தியாரிடம் போய் வாங்கி வந்துவிடுகிறேன்.

இந்த ஒரு வருஷமாக என் தலைக்குள் எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறது. திருப்பரங்குன்றம் பக்கம் குதிரையேற்றப் பள்ளி வந்து, அங்கே லாடம் அடிக்க என்னைக் கூப்பிட்டு, வேலையெல்லாம் பார்த்து ரசித்துவிட்டு, கடைசியில் சர்டிபிகேட் இருக்கிறதா என்று அந்தப் பள்ளியை நடத்தும் அம்மா கேட்டபோது எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். முப்பது வருஷமாக மாட்டுக்கும் குதிரைக்கும் லாடம் அடித்தவனிடம் தாள் கேட்கிறாளே என்று உனக்கு போன் போட்டுக் கத்தினேன். நீ சிரித்தாய். மறுநாளே பெங்களூரில் ஒரு லாடப் பயிற்சியைத் தேடிப் பிடித்து விண்ணப்பத்தை நிரப்பி என் போனுக்கு அனுப்பிவிட்டாய். ஒரு வருஷப் பயிற்சி. மூன்று தடவை அங்கே போய்ப் பத்துப் பத்து நாள் தங்க வேண்டும். மீதி நாளில் இங்கேயே வேலை செய்து, ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம் என்று நாற்பது குதிரைக்குப் பதிவேடு எழுத வேண்டும். இதெல்லாம் எனக்கு எதற்கு என்று முதல் நாள் பஸ்ஸில் திண்டுக்கல் தாண்டும்வரை உன்னைத் திட்டிக்கொண்டே போனேன்.

அங்கே போன முதல் நாள் நான் செய்த முதல் காரியம், கயிறு எங்கே என்று கேட்டது. மாட்டைக் கயிறு போட்டுப் படுக்கவைத்து நாலு காலையும் சேர்த்துக் கட்டி லாடம் அடித்தே பழகியவன் நான். குதிரை என்றால் படுக்க வைக்க மாட்டேன், ஆனாலும் ஒரு காலைக் கயிற்றில் தூக்கிக் கம்பத்தோடு கட்டிக்கொண்டால்தான் எனக்குக் கை ஓடும். அங்கே என்னைவிட இருபது வயது சின்னவரான பயிற்சியாளர், குதிரைக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, அதன் காலைத் தன் இரண்டு முழங்காலுக்கு நடுவே வாங்கிக்கொண்டு, தனி ஆளாக அடித்து முடித்துவிட்டார். கட்டினால் குதிரை சொல்வது நமக்குக் கேட்காது என்றார். எனக்கு அது வசனம் மாதிரிதான் இருந்தது. கூட இருந்த பையன்கள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டிவைத்தேன். அன்றைக்கு என் இடுப்பு விட்டுப்போய், நீ அனுப்பிய தைலத்தைத் தடவிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பா, அல்லது அவர்களுக்குத் தெரிந்தது வேறு குதிரையா என்று விளங்கவில்லை.

பாடப் புத்தகம் முழுக்க இங்கிலீஷ். அதற்கும் நீதான் வழி கண்டுபிடித்தாய். பேங்க் முடிந்து அறைக்கு வந்ததும் ஏழு மணிக்கு போன். பக்கத்தைப் படித்துத் தமிழில் சொல்வாய், நான் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வேன். குளம்பின் ஓடு நம் நகம் மாதிரிதான், உயிர் இல்லை, ஆணி அடித்தாலும் வலிக்காது. ஓட்டுக்கும் உள்ளே இருக்கும் சதைக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு கோடு ஓடும். ஆணி அந்தக் கோட்டுக்கு வெளியிலேயே போய் வெளியிலேயே வர வேண்டும். இதெல்லாம் கைக்குத் தெரிந்ததுதான், வாய்க்குத்தான் தெரியாது. உன் குரலில் கேட்கும்போது எனக்கு ஒரே சந்தோஷம். உள்ளுக்குள் ஒரு உறுத்தலும் இருந்தது. இத்தனை அழகாகச் சொல்கிறாளே, இவள் ஏன் பேங்கில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பேன். அந்த நினைப்பு வந்ததும் அடுத்த கேள்வி கேட்டுப் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் நீ ஒன்பதாம் பாடம் படித்தாய். ஆணி கோட்டைத் தாண்டிச் சதையைத் தொட்டுவிட்டால் என்ன ஆகும் என்பது பாடம். குதிரை அந்த நேரத்தில் காலை உதறும் என்று படித்தாய். ஆணியைப் பிடுங்கிப் பார்த்தால் நுனியில் ஈரம் தெரியும் என்று படித்தாய். சில குதிரை உடனே நொண்டாது, உள்ளே சீழ் கட்டி மூன்று நான்கு நாள் கழித்துத்தான் காலை ஊன்ற முடியாமல் நிற்கும், அதனால் பலர் இடையில் நடந்த வேறு எதையாவது காரணமாக நினைத்துவிடுவார்கள் என்று படித்தாய். அங்கே நிறுத்தினாய். உன் அறையில் ஃபேன் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, "அடுத்த பக்கம் போவமாப்பா" என்றாய். போவோம் என்றேன். போனோம். உனக்கு அந்த நேரத்தில் விளங்கிவிட்டதா, அல்லது தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தினாயா? இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் பயம்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகப் பழைய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ மூன்று வயதிலேயே என் ஆணி டப்பாவைத் தூக்கிக்கொண்டு திரிவாய். ஒரு நாள் யாரோ ஒருவர் வண்டி மாட்டைக் கொண்டு வந்தபோது நீ டப்பாவிலிருந்து ஒரு ஆணியை எடுத்து என் கையில் கொடுத்தாய். அந்த மாடு அடுத்த வாரமே பந்தயத்தில் முதலாவதாக வந்துவிட்டது. அவ்வளவுதான். பாண்டிச்செல்விக்குக் கைராசி என்று பேச்சுக் கிளம்பிவிட்டது. அதற்குப் பிறகு லாடம் அடிக்க வருகிறவர்கள், முதல் ஆணியைப் பாப்பா கையால் எடுத்துக் கொடுக்கச் சொல்வார்கள். நீ பள்ளிக்கூடம் போயிருந்தால் விடுகிற நேரம்வரை மாட்டைக் கட்டிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். வெற்றிலையோடு உனக்குக் கடலை மிட்டாயும் வைப்பார்கள். பதினேழு வயதுவரை நம் கொட்டகையில் உன் கை படாமல் முதல் ஆணி இறங்கியதில்லை. ராசி என்று ஒன்று இருக்கிறதா என்று நான் அப்போது யோசித்ததே கிடையாது. இருந்தது, அவ்வளவுதான்.

நீ பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த வருஷம், சிம்மக்கல்லில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடும் பாய் ஒருவர் தன் வெள்ளைக் குதிரையை நம்மிடம் கொண்டு வந்தார். மோத்தி என்று பெயர். முகூர்த்த மாதம் தொடங்குவதற்கு முன்னால் நாலு காலுக்கும் புது லாடம். அவர் ராமநாதபுரத்தில் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டியிருந்ததால் ஐந்து நாள் குதிரையை நம் கொட்டகையிலேயே விட்டுப் போனார். மோத்தி என்னிடம் நிற்காது. நீ தலையைப் பிடித்துக் காதோரம் சொறிந்துவிட்டால் நிற்கும். இடது முன்னங்காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டினேன். முதல் ஆணியை நீ எடுத்துக் கொடுத்தாய். ஐந்து ஆணி நன்றாக இறங்கியது. ஆறாவது ஆணி உள்பக்கம், குதிகால் ஓரம். அங்கே ஓடு மெல்லிசு. இரண்டாவது அடியிலேயே மோத்தி உதறியது. நீ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டாய். கயிறு இறுக்கியதால் உதறியதா, ஆணி குத்தியதால் உதறியதா என்று எனக்குச் சந்தேகம். பிடுங்கினேன். லுங்கியில் துடைத்தேன். ஒரு நூல் தள்ளி மறுபடி அடித்தேன்.

அந்த ஆணியின் நுனியில் ஈரம் இருந்ததா? இந்த ஒரு வருஷமாக நான் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இதுதான். துடைத்தேன் என்பது நினைவிருக்கிறது. காய்ந்த ஆணியை யாரும் துடைப்பார்களா? ஆனால் எனக்கு எதையும் லுங்கியில் துடைக்கும் பழக்கம் உண்டு, உன் அம்மா அதற்காகத்தான் தினமும் திட்டுகிறாள். சில நாள் யோசித்தால் சிவப்பாகத் தெரிகிறது. சில நாள் ஒன்றுமே தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை, நீ கேட்காமல் கொள்ளாமல் மோத்தியின் மேல் ஏறிப் பெரியார் கால்வாய்ப் பாலம்வரை போய்த் திரும்பி வந்தாய். தார் ரோடு. சேணம்கூடக் கிடையாது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, இரட்டைச் சடை முதுகில் அடிக்க வந்து இறங்கினாய். நான் பல் குச்சியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. எதிர் வீட்டுக்காரர் பார்க்கிறாரா என்றுகூடத் திரும்பிப் பார்த்தேன். உன்னை ஒரு வார்த்தை திட்டவில்லை.

நாலாம் நாள் மோத்தி இடது காலை ஊன்றவில்லை. அன்றைக்குப் பார்த்து பாய் ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டார். வாசலில் மாடு கொண்டு வந்தவர்கள், டீக்கடை ஆட்கள் என்று ஏழெட்டுப் பேர். பாய் குதிரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முகூர்த்தம் முழுக்க அந்தக் குதிரையை நம்பி இருக்கிற மனுஷன். நான் வாயைத் திறந்தேன். "எம்மகதான் பாய். தார் ரோட்டுல ஓட்டிக் காலக் கெடுத்துப்புட்டா" என்றேன். நீ தண்ணீர் வாளியோடு நின்றிருந்தாய். உன் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாது என்றுதான் பார்க்கவில்லை. பாய், சின்னப் பிள்ளை தெரியாமல் செய்திருக்கும், விடுங்கள் என்றார். கூட்டத்தில் யாரோ, இனி இந்தப் பிள்ளை கையால் ஆணி வாங்காதீர்கள் என்றார்கள். நான் அதையும் கேட்டுக்கொண்டு நின்றேன்.

அடுத்த வாரம் ஒருவர் காளை கொண்டு வந்தார். வழக்கம்போல நீ டப்பாவோடு வந்தாய். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நீங்களே எடுத்து அடிங்கண்ணே" என்றார். நீ டப்பாவைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாய். அதற்குப் பிறகு கொட்டகைப் பக்கம் நீ வந்த நினைவு எனக்கு இல்லை. மார்க் வந்தபோது, கால்நடை மருத்துவம் படிக்க விண்ணப்பம் போடலாமே என்று உன் டீச்சர் வீடு தேடி வந்து கேட்டார். "நான் தொட்டா ஆகாதுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். நான் பக்கத்தில் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். பி.காம். போதும் என்றாய், போதும் என்றேன். போன மாசி மாதம் உன் சித்தி வீட்டுப் புதுமனை புகுவிழாவில், பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைக்கச் சொல்லி உன் கையில் தீப்பெட்டியைக் கொடுத்தார்கள். நீ வாங்கி, பேசிக்கொண்டே பக்கத்தில் இருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டாய். யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால், பத்து வருஷமாக நீ எதையும் முதலில் தொடுவதில்லை. இந்த விண்ணப்பத்தைக்கூட எல்லாம் நிரப்பிவிட்டு, கடைசிப் பொத்தானை என்னை அழுத்தச் சொன்னாய்.

பயிற்சியாளரிடம் ஒரு நாள் கைராசி பற்றிக் கேட்டேன். அவருக்கு அந்த வார்த்தை புரியவில்லை. கூடப் படித்த ஓசூர்ப் பையன் ஒருவன் எடுத்துச் சொன்னான். அவர் சிரித்துவிட்டு, அப்படி ஒன்றும் கிடையாது, சரியாக அடித்தால் குதிரை நடக்கும், தப்பாக அடித்தால் நொண்டும் என்றார். எனக்குக் குழப்பம் கூடியதுதான் மிச்சம். ராசி என்று ஒன்றே இல்லையென்றால், நான் உன்னிடமிருந்து எதை எடுத்தேன்? இல்லாததை எப்படி எடுக்க முடியும்? ஆனால் தீப்பெட்டி கைமாறியதை என் கண்ணால் பார்த்தேனே. இருக்கிறது என்றால் அது இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது, ஏனென்றால் நீ கொடுத்த முதல் ஆணி நன்றாகத்தான் இறங்கியது. கெட்டது ஆறாவது. அதை எடுத்ததும் நான், அடித்ததும் நான்.

ஒன்பதாம் பாடத்துக்குப் பிறகு பத்து நாள் கழித்து சிம்மக்கல்லுக்குப் போனேன். உன்னிடம் சொல்வதற்கு முன்னால் பாயிடம் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். பாய்க்குத் தாடி நரைத்துவிட்டது. மோத்தி இன்னும் இருக்கிறது. வேலைக்கு அனுப்புவதில்லை, ஆற்றங்கரைப் பக்கம் நிழலில் கட்டிப் போட்டிருக்கிறார். கயிறு கட்டாமல், அங்கே சொல்லிக் கொடுத்த மாதிரி அதன் இடது காலை என் முழங்காலுக்கு நடுவில் வாங்கிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை, சுத்தமான குளம்பு. ஒரு வருஷத்தில் குளம்பு முழுசாகப் புதிதாக வளர்ந்துவிடும் என்று நீதான் படித்துச் சொன்னாய். நான் குனிந்தபடியே பாயிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் அதிர்ச்சி அடையவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. தொழில்ல யாருக்கும் நடக்குறதுதான். புள்ளகிட்ட வீட்டுக்குள்ள சொல்லியிருப்பீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார். பத்து வருஷமாக அப்படி நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் குதிரையின் காலைக் கீழே விடவும் மறந்து குனிந்தபடியே நின்றேன்.

இதுவரை எழுதியதை இன்று காலை உன் அம்மாவிடம் படிக்கக் கொடுத்தேன். அடுப்படியில் நின்றுகொண்டே படித்தாள். அழுவாள் என்று நினைத்தேன். நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "சொல்றதா இருந்தா முழுசாச் சொல்லுங்க. இல்லேன்னா பேசாம இருங்க" என்று சொல்லிவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படியானால் இந்த ஒரு வருஷம் நான் யோசித்ததெல்லாம் என்ன? தெரியாதா, மறந்ததா, மறந்த மாதிரி இருந்தேனா?

முழுசாகச் சொல்கிறேன். கால் தேறட்டும் என்று பாய் குதிரையை நம்மிடமே விட்டுப் போன மறுநாள் மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். மோத்தியைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் இடது லாடத்தை நானே கழற்றினேன். ஐந்து ஆணி சாதாரணமாக வந்தது. ஆறாவதைப் பிடுங்கியதும் அந்த ஓட்டையிலிருந்து கறுப்பாக, நாற்றத்தோடு தண்ணீர் ஒழுகியது. கொஞ்ச நேரத்தில் மோத்தி அந்தக் காலை மெதுவாகத் தரையில் வைத்து மூச்சு விட்டது. உப்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவினேன். சாணி அள்ள வந்த உன் அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போனாள். தார் சூட்டில் உள்ளே வெந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம்பினேனா என்று கேட்டால், நம்பினேன் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் மாலையில் நீ திரும்பி வந்து, குதிரை எப்படிப்பா இருக்கு என்று கதவோரம் நின்று கேட்டபோது, தேவலாம், கிட்டே போகாதே என்றேன். நம்பியவன் ஏன் கிட்டே போகாதே என்று சொல்ல வேண்டும்? ஆணியில் ஈரம் இருந்ததா என்று ஒரு வருஷம் மண்டையைக் குடைந்துகொண்டது, இந்தத் தண்ணீரைப் பற்றி யோசிக்காமல் இருக்கத்தான் என்று இப்போது நினைக்கிறேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

அப்பன் எழுதும் கடிதத்தில் புத்திமதி இருக்க வேண்டும். எனக்கு அதற்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியாது, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். நாளைக்கு நீ பெரிய அதிகாரியாகி உனக்குக் கீழே ஆட்கள் இருப்பார்கள். தப்பு உன் கையில் நடந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடு. ஒரு நாள் தள்ளினால் அதை மறைக்க ஒரு பொய் வேண்டும், ஒரு வருஷம் தள்ளினால் அந்தப் பொய்யை நாமே நம்ப வேண்டும். உன்னிடம் யாராவது இது உன்னால்தான் என்று சொன்னால், சொல்கிறவர் அப்பனாகவே இருந்தாலும், உடனே தலையாட்டாதே. லாடத்தைக் கழற்றிக் காட்டு என்று கேள். பதினேழு வயதில் நீ அப்படிக் கேட்டிருந்தால் நான் உன்னை அறைந்திருப்பேன் என்பதும் நிஜம். அப்போதும் கேட்டிருக்க வேண்டும் என்று இப்போது சொல்வது நியாயமா? பாண்டி, எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதைவிட நன்றாகச் சொல்ல வரவில்லை.

பதிவேட்டில் நாற்பது குதிரையும் முடிந்துவிட்டது. எல்லாப் பக்கத்திலும் படம் ஒட்டிக் கையெழுத்து வாங்கியாயிற்று. கடைசியில் ஒரு பக்கம் மிச்சம் இருந்தது. இந்த வருஷம் பார்த்த குதிரைதான் செல்லும், பழையதை எழுதினால் மார்க் கிடையாது என்று பயிற்சியாளர் சொன்னார். பரவாயில்லை என்று இன்று மத்தியானம் எழுதிவிட்டேன். குதிரையின் பெயர்: மோத்தி. கால்: இடது முன். குறை: நான்காம் நாள் நொண்டல், சீழ். காரணம்: ஆறாவது ஆணி, அடித்தவன் தவறு. செய்த வைத்தியம் என்ற இடத்தில் உப்புத் தண்ணீர் என்று எழுதிவிட்டு, குதிரையைப் பிடித்தவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயரையும் எழுதினேன். அதற்குக் கீழே பிடித்தவர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. அது காலியாக இருக்கிறது.

வாய்மொழித் தேர்வில் அந்தப் பக்கத்தைத் திறந்து இது என்ன என்று கேட்பார்கள். நான் தமிழில் சொல்வேன், நீ இங்கிலீஷில் சொல்ல வேண்டியிருக்கும். உன்னால் அது முடியாது என்றால் நீ வர வேண்டாம், ஓசூர்ப் பையன் சொல்லிக்கொள்வான். குதிரையைப் பிடிக்கவும் அங்கே ஆள் இருப்பார்கள். உன் மேல் எனக்குத் துளி வருத்தமும் இருக்காது, பாஸ் ஆனாலும் ஃபெயில் ஆனாலும் முதல் போன் உனக்குத்தான். ஒன்றே ஒன்று. தேர்வுக்கென்று புது ஆணி ஒரு டப்பா வாங்கியிருக்கிறேன். மேலே ஒட்டியிருக்கும் தாளை இன்னும் கிழிக்கவில்லை. திங்கட்கிழமை காலை குதிரையைக் கொண்டு வந்து நிறுத்தும்வரை கிழிக்க மாட்டேன்.

உன் அப்பா